திட்டினால்தான் வேலை நடக்குமா?

பனியன் கம்பெனி ஒன்றில் தையல் வரிசைக்கு சூப்பர்வைசர் தேவைப்படுகிறார். முதலாளி யாரைப் போடுவார்? பெரும்பாலும் அதே வரிசையில் வேகமாகவும் சுத்தமாகவும் தைப்பவரைத்தான். லேத் பட்டறையானால் கைத்தேர்ச்சி உள்ள டர்னர். வங்கிக் கிளையானால் டெபாசிட் அதிகம் பிடித்தவர். மருத்துவமனை வார்டானால் எந்த நரம்பிலும் ஒரே குத்தில் ஊசி ஏற்றிவிடும் மூத்த நர்ஸ். கேட்டால் நியாயமாகத்தான் தெரிகிறது. நன்றாக உழைத்தவருக்குப் பதவி உயர்வு கொடுக்காமல் வேறு யாருக்குக் கொடுப்பது?

இந்த நியாயத்துக்காக நிறுவனங்கள் கொடுக்கும் விலை என்ன என்று ஆலன் பென்சன், டேனியல் லீ, கெல்லி ஷூ ஆகிய மூன்று பொருளியலாளர்கள் கணக்குப் பார்த்தார்கள். 131 நிறுவனங்களின் விற்பனைப் பிரிவுகளில் யார் எவ்வளவு விற்றார், யார் மேலாளர் ஆக்கப்பட்டார், அதன்பின் அவருக்குக் கீழே இருந்தவர்களின் விற்பனை என்ன ஆயிற்று என்று அலசி 2019-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். அதிகம் விற்றவருக்கே பதவி உயர்வு கிடைக்கும் வாய்ப்பு அதிகம் என்பதில் வியப்பில்லை. ஆனால் அப்படி மேலே போன நட்சத்திர விற்பனையாளர்களின் குழுக்கள், சுமாராக விற்றுக்கொண்டிருந்து மேலாளர் ஆனவர்களின் குழுக்களைவிடப் பின்தங்கின. நிறுவனத்துக்கு இரட்டை நஷ்டம். நல்ல விற்பனையாளர் களத்தில் இல்லை. வந்த மேலாளரும் தேறவில்லை. தனியாக விற்றுக் குவித்தவர்களைவிட, மற்றவர்களோடு சேர்ந்து விற்பனையை முடித்த அனுபவம் உள்ளவர்கள் மேலாளராகத் தேறினார்கள் என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. பதவி உயர்வின்போது இந்தத் தகுதியை யாரும் பெரிதாக எண்ணிப் பார்ப்பதில்லை.

சரி, சூப்பர்வைசர் யாராக இருந்தால் என்ன, வேலை செய்யப்போவது தொழிலாளிதானே என்று கேட்கலாம். அதற்கும் அளவு உண்டு. எட்வர்ட் லேசியர், கேத்ரின் ஷா, கிறிஸ்டோபர் ஸ்டான்டன் ஆகியோர் ஒரு பெரிய சேவை நிறுவனத்தின் கணினிப் பதிவுகளை எடுத்துக்கொண்டார்கள். ஏறத்தாழ 24,000 ஊழியர்கள், 2,000 மேற்பார்வையாளர்கள். ஒவ்வோர் ஊழியரும் எத்தனை வேலைகளை முடித்தார் என்பது நாள்வாரியாக அதில் இருந்தது. ஊழியர்கள் அடிக்கடி வேறு வேறு மேற்பார்வையாளர்களிடம் மாற்றப்பட்டதால், யாருக்குக் கீழே போனபோது வேலை கூடியது, யாருக்குக் கீழே குறைந்தது என்று பிரித்துப் பார்க்க முடிந்தது. மேற்பார்வையாளர்களில் கடைசிப் பத்து சதவீதத்தில் இருக்கும் ஒருவரை எடுத்துவிட்டு முதல் பத்து சதவீதத்தில் இருக்கும் ஒருவரைப் போட்டால், ஒன்பது பேர் கொண்ட குழுவில் பத்தாவதாக ஒரு ஆளைச் சேர்த்ததைவிட அதிக வேலை நடக்கிறது. 2015-ல் வெளியான இந்த ஆய்வில் என்னை மிகவும் கவர்ந்தது இன்னொரு விஷயம். நல்ல மேற்பார்வையாளரால் வந்த பலனில் பெரும்பகுதி, ஊழியர் அவரை விட்டு வேறு குழுவுக்குப் போன பிறகும் ஊழியரிடமே தங்கியது. அப்படியானால் அவர் அங்கே நின்று விரட்டியதால் வேலை கூடவில்லை. கற்றுக்கொடுத்ததால்தான் கூடியிருக்கிறது.

கற்றுக்கொடுப்பது என்பது வேலை தெரிந்த எவருக்கும் வருவதல்ல. இதை ஒரு முடிச்சை வைத்து நிரூபித்தார்கள்.

1940-ல் இரண்டாம் உலகப்போருக்காக அமெரிக்கத் தொழிற்சாலைகள் முடுக்கிவிடப்பட்ட நேரம். தேர்ந்த ஆட்கள் பலர் ராணுவத்துக்குப் போக, இயந்திரத்தையே பார்த்திராத ஆண்களும் பெண்களும் உள்ளே வந்தார்கள். அவர்களை யார் பழக்குவது? சூப்பர்வைசர்கள்தான். சூப்பர்வைசர்களைப் பழக்குவது யார்? இதற்காக அரசு தொடங்கிய அமைப்பின் பெயர் 'டிரெய்னிங் வித்தின் இண்டஸ்ட்ரி'. சுருக்கமாக டி.டபிள்யூ.ஐ. ஒரு பாடத்துக்கு மொத்தம் 10 மணி நேரம். இரண்டு இரண்டு மணி நேரமாக ஐந்து அமர்வுகள். வகுப்புக்குப் பத்துப் பேர் அளவில்தான் சேர்ப்பார்கள். 1945-ல் அமைப்பு மூடப்படுவதற்குள் 16,000-க்கும் அதிகமான தொழிற்சாலைகளில் ஏறத்தாழ பதினேழரை லட்சம் சான்றிதழ்களை வழங்கியிருந்தார்கள்.

முதல் அமர்வில் பயிற்சியாளர் சட்டைப்பையிலிருந்து ஒரு துண்டு வயரை எடுப்பார். இரண்டு இழைகள் முறுக்கிய பழைய விளக்கு வயர். தொங்கும் பல்பின் பாரம் ஸ்க்ரூவில் கட்டிய கம்பி முனையில் விழாதபடி ஹோல்டருக்குள் ஒரு முடிச்சுப் போடுவார்கள். நம்மூர் எலக்ட்ரீஷியன்களுக்கும் பழக்கமானதுதான். வகுப்பில் ஒருவரை அழைத்து, முடிச்சை எப்படிப் போடுவது என்று வாயாலேயே சொல்வார் பயிற்சியாளர். முனையில் ஆறு அங்குலம் முறுக்கைப் பிரி, வலது இழையை முன்பக்கமாக வளை, இடது இழையைப் பின்பக்கமாகச் சுற்றி வந்து வளையத்துக்குள் விடு, இழு. எல்லாம் சரியான சொற்கள்தான். அவரால் போட முடியாது. அடுத்தவரை அழைத்து, பேசாமல் கையால் மட்டும் போட்டுக் காட்டுவார். எதிரே நின்று பார்ப்பவருக்கு இடம் வலம் மாறிவிடும், அவராலும் முடியாது. அறையில் இருப்பவர்கள் எல்லாரும் பல வருடங்களாக ஆட்களை வேலை வாங்கியவர்கள். இந்த இரண்டு வழிகளைத் தவிர வேறு எதையும் அவர்கள் செய்ததில்லை.

மூன்றாவது ஆளிடம் பயிற்சியாளரின் போக்கே வேறு. முதலில் அவரைத் தன் பக்கத்தில், தன் கை பார்க்கும் அதே கோணத்தில் நிறுத்துவார். இந்த வேலை முன்பே தெரியுமா என்று கேட்பார். பயம் தெளிந்த பிறகு ஒவ்வொரு கட்டமாகச் செய்துகாட்டி, எந்த இடத்தில் எதைக் கவனிக்க வேண்டும், ஏன் என்று சொல்வார். பிறகு அவரைச் செய்யவைத்துத் தவறு நடந்த இடத்திலேயே திருத்துவார். மறுபடி செய்யவைத்து, செய்துகொண்டே விளக்கச் சொல்வார். தனியே விட்ட பிறகும் அவ்வப்போது வந்து பார்ப்பதாகவும், சந்தேகம் வந்தால் யாரிடம் கேட்க வேண்டும் என்றும் சொல்லி அனுப்புவார். கற்றுக்கொள்பவருக்கு வரவில்லை என்றால் கற்றுக்கொடுத்தவர் சரியாகக் கற்றுக்கொடுக்கவில்லை என்பதுதான் அந்த வகுப்பின் ஆதார விதி.

ஏன் இவ்வளவு சுற்றுவழி? இருபது வருடம் தைத்தவரின் கை, யோசிக்காமலே ஓடுகிறது. தொடக்கத்தில் ஒவ்வோர் அசைவையும் நினைத்து நினைத்துச் செய்தது, பழகப் பழக மூளையில் வேறு வகை நினைவாகப் படிந்துவிடுகிறது. சைக்கிள் ஓட்டுபவரிடம் எப்படி விழாமல் ஓட்டுகிறாய் என்று கேட்டால் பதில் வராது அல்லவா, அதே நிலைதான். தேர்ந்தவர் தனக்கே தெரியாமல் செய்யும் நுணுக்கங்களை எப்படி எடுத்துச் சொல்வார்? அவற்றை விட்டுவிட்டுச் சொல்கிறார். கேட்பவருக்கோ வேறு நெருக்கடி. ஒரு நேரத்தில் மனத்தில் பிடித்து வைத்திருக்கக் கூடியவை சுமார் நான்கு துண்டுகள்தான் என்று உளவியலாளர் நெல்சன் கோவன் 2001-ல் எழுதிய ஆய்வுரை காட்டுகிறது. ஐந்தாவதைச் சொல்லும்போது முதலாவது நழுவியிருக்கும். நாம் இதைப் பார்த்து, "எத்தனை தடவை சொன்னாலும் மண்டையில ஏறல" என்கிறோம்.

இங்கிருந்துதான் திட்டு பிறக்கிறது. நம்மிடையே அதற்கு நீண்ட பின்கதையும் இருக்கிறது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குத் தமிழர்களை அழைத்துப்போன கங்காணி, ஆள் பிடிப்பவராகவும் கடன் கொடுப்பவராகவும் வேலை வாங்குபவராகவும் ஒரே நேரத்தில் இருந்தார். தன் கணக்கில் எத்தனை பேர் அன்று வேலைக்கு இறங்கினார்களோ அத்தனை தலைக்கும் அவருக்குக் காசு. கொழுந்து நன்றாகப் பறிக்கப்பட்டதா, புதிதாக வந்த பெண்ணுக்கு வேலை பிடிபட்டதா என்பதற்குத் தலைக்காசு கிடையாது. ஆளை வரிசையில் நிறுத்துவதற்கே கூலி பெறுபவர் ஆளை நிறுத்தும் வித்தையில்தான் தேர்ச்சி பெறுவார். கங்காணியின் காலம் முடிந்துவிட்டது. குரல் உயர்ந்தால்தான் வேலை நகரும் என்ற நம்பிக்கை மட்டும் பட்டறைகளிலும் அலுவலகங்களிலும் இன்னும் உயிரோடு இருக்கிறது.

அந்த நம்பிக்கை அனுபவத்தில் வந்ததாகத்தான் எல்லாரும் சொல்வார்கள். "பாராட்டினா மறுநாளே சொதப்புறான், திட்டினா ஒழுங்கா செய்யறான், கண்ணால பாத்தது." இதே வாதத்தை 1960-களில் இஸ்ரேல் விமானப்படையின் பயிற்சி ஆசிரியர்கள் டேனியல் கானமானிடம் வைத்தார்கள். பின்னாளில், 2002-ல், பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற உளவியலாளர் அவர். அழகாக விமானத்தைச் சுழற்றிய மாணவரைப் பாராட்டினால் அடுத்த முறை அவர் மோசமாகச் செய்கிறார். மோசமாகச் செய்தவரிடம் கத்தினால் அடுத்த முறை தேறுகிறார் என்பது ஆசிரியர்களின் புகார். அவர்கள் பார்த்தது பொய்யல்ல என்பதைக் கானமான் உணர்ந்தார். காரணம்தான் வேறு. எந்த மனிதரின் வேலையும் நாளுக்கு நாள் கொஞ்சம் ஏறி இறங்கும். இன்று வழக்கத்தைவிட மிக நன்றாக அமைந்தால், நாளை வழக்கமான அளவுக்கு இறங்கும் வாய்ப்பே அதிகம். இன்று மிக மோசம் என்றால் நாளை கொஞ்சமாவது ஏறும். நடுவில் பாராட்டினாலும் திட்டினாலும், ஒன்றுமே சொல்லாமல் இருந்தாலும் இப்படித்தான் நடக்கும். நாம் மிக நல்ல நாளில் பாராட்டுகிறோம், மிக மோசமான நாளில் திட்டுகிறோம். அதனால் பாராட்டு பலிக்காதது போலவும் திட்டு பலித்தது போலவும் உலகமே நமக்குத் தப்பாகப் பாடம் சொல்லிக்கொடுக்கிறது. ஒவ்வொரு மேலாளரும் இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் போதும், எத்தனையோ பேருடைய பகல்பொழுது மாறிவிடும்.

திட்டு பலன் தராவிட்டாலும் போகட்டும், கெடுதல் இல்லையே என்று விட முடியாது. இஸ்ரேலில் பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவுகளைச் சேர்ந்த 24 குழுக்களை வைத்து ஒரு சோதனை நடத்தி, 2015-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்குக் குடல் அழுகத் தொடங்கும் ஆபத்தான நோய். பொம்மையை வைத்து நடந்த பயிற்சிதான், ஆனால் மருத்துவரும் நர்ஸ்களும் உண்மையான சிகிச்சைபோலவே கண்டுபிடித்துச் செயல்பட வேண்டும். வெளிநாட்டு நிபுணர் ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பதாகக் குழுக்களிடம் சொல்லப்பட்டது. பாதிக் குழுக்களிடம் அவர் பொதுவாகப் பேசினார். மறுபாதியிடம், இந்த நாட்டு மருத்துவத்தின் தரம் தன்னைக் கவரவில்லை என்கிற தொனியில் பேசினார். கெட்ட வார்த்தை இல்லை, கத்தல் இல்லை, யாரையும் பெயர் சொல்லிக் குறை கூறவும் இல்லை. எந்தக் குழு எந்தப் பாதி என்பது தெரியாத நடுவர்கள் பிறகு வீடியோவைப் பார்த்து மதிப்பெண் போட்டார்கள். அவமதிப்பைக் கேட்ட குழுக்கள் நோயைக் கண்டறிவதிலும் சிகிச்சைச் செயல்களிலும் தெளிவாகப் பின்தங்கியிருந்தன. ஒருவருக்கொருவர் தகவல் சொல்வதும், "இதைக் கொஞ்சம் பாருங்க" என்று உதவி கேட்பதும் குறைந்திருந்தன. அவமானம் மனத்தின் ஒரு பகுதியைப் பிடித்து வைத்துக்கொள்ள, மிச்சத்தை வைத்துத்தான் அவர்கள் வேலை செய்தார்கள். ஒரே ஒரு ஏளனப் பேச்சுக்கு இவ்வளவு என்றால், காலையிலிருந்து மாலை வரை வசவு கேட்பவரின் கை எப்படி ஓடும்?

அப்படியானால் சூப்பர்வைசர் எல்லாரிடமும் சிரித்துப் பேசி, டார்கெட்டைக் கேட்காமல் இருந்துவிட வேண்டுமா? இந்தக் கேள்விக்கு நான் படித்தவற்றில் மிகத் தெளிவான பதில், 'இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர்' நிறுவனத்தின் டிரக் தொழிற்சாலையிலிருந்து வந்தது. எட்வின் ஃப்ளீஷ்மன், எட்வின் ஹாரிஸ் இருவரும் 1962-ல் வெளியிட்ட ஆய்வு. 57 ஃபோர்மேன்களைப் பற்றி அவர்களுக்குக் கீழே வேலை செய்தவர்களிடம் இரண்டு விஷயங்களைக் கேட்டார்கள். ஒன்று, ஆளை மதிக்கிறாரா, சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கிறாரா. இரண்டு, வேலையை எவ்வளவு கறாராக வகுக்கிறார், கெடு வைக்கிறார், கேள்வி கேட்கிறார். பிறகு அந்தந்தப் பிரிவில் எழுத்து மூலம் வந்த புகார்களையும், வேலையை விட்டுப் போனவர்களின் எண்ணிக்கையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள்.

மதிக்காத ஃபோர்மேனின் பிரிவில் அவர் கறாராக இருந்தாலும் தளர்வாக இருந்தாலும் புகார்கள் குவிந்தன. கறாரைக் குறைத்துக்கொண்டதால் அவர் தப்பிக்கவில்லை. ஆனால் ஆட்களை மதிக்கிற ஃபோர்மேன் எவ்வளவு கறாராக இருந்தாலும் புகார் பெரிதாக ஏறவில்லை. அதாவது கண்டிப்பு அல்ல பிரச்சினை. மரியாதை என்ற தளம் இருந்தால் அதன் மேல் எவ்வளவு கண்டிப்பையும் ஏற்றலாம். தளம் இல்லாவிட்டால் சலுகைகூடச் சந்தேகத்தோடுதான் பார்க்கப்படும். "நம்ம மேஸ்திரி கண்டிப்பானவர், ஆனா நியாயமானவர்" என்று கட்டட வேலையாட்கள் சொல்வதை இந்த ஆய்வு எண்களில் எழுதிவிட்டது என்றே நினைக்கிறேன்.

மேலாண்மை படித்தவர்கள் இந்த இடத்தில் ஹாத்தோர்னைக் கேட்பார்கள். சிகாகோவுக்கு அருகே வெஸ்டர்ன் எலக்ட்ரிக்கின் ஹாத்தோர்ன் ஆலையில் 1924-ல் தொடங்கிய சோதனைகள். வெளிச்சத்தைக் கூட்டினாலும் உற்பத்தி ஏறியது, குறைத்தாலும் ஏறியது, ஆகவே ஆட்களைக் கவனித்தாலே போதும் என்று பாடப்புத்தகங்கள் சொல்லிவந்தன. வெளிச்சச் சோதனையின் மூல எண்களைத் தேடிப்பிடித்து ஸ்டீவன் லெவிட், ஜான் லிஸ்ட் இருவரும் 2011-ல் மறுபடி கணக்குப் போட்டபோது அப்படி ஒரு அதிசயம் அதில் தெரியவில்லை. அடுத்து, ரிலே பூட்டும் அறையில் நடந்த சோதனையில் அதிகம் பேசுகிறார்கள் என்று இரண்டு பெண்களை நடுவிலேயே மாற்றிவிட்டார்கள் என்பதையும், கூலிக் கணக்கிடும் முறையும் அப்போது மாறியிருந்தது என்பதையும் வகுப்பறையில் சொல்வது அபூர்வம். வெறுமனே பார்த்துக்கொண்டு நிற்பதற்கு மந்திர சக்தி எதுவும் இல்லை. எதைப் பார்க்கிறோம், பார்த்ததும் என்ன செய்கிறோம் என்பதில்தான் விஷயம்.

ஏற்றுமதி ஆடைத் தொழிற்சாலையின் தையல் கூடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் காலர் மட்டும் தைப்பார், ஒருவர் கை மூட்டுவார், ஒருவர் பட்டன் துளை போடுவார். பண்டல் கை மாறிக்கொண்டே போகும். நடுவில் ஒருவர் சுணங்கினால் அவருக்கு முன்னால் பண்டல் மலைபோல் குவியும்; பின்னால் இருப்பவர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அச்யுதா அத்வர்யு, நம்ரதா கலா, அனந்த் நிஷாதம் ஆகியோர் இந்திய ஆடை நிறுவனம் ஒன்றில், காற்றில் நுண்தூசி கூடும் நேரங்களில் தையல் வேகம் என்ன ஆகிறது என்று ஆராய்ந்தார்கள். தூசி கூடும்போது வேகம் குறைகிறது. ஆனால் எல்லாருக்கும் ஒரே அளவில் அல்ல. ஒருவருக்கு மூச்சு இறுக்கும், பக்கத்தில் இருப்பவர் வழக்கம்போலத் தைப்பார். நல்ல சூப்பர்வைசர்கள் வரிசையில் நடந்துகொண்டே இருந்து, யார் சுணங்குகிறார் என்பதைப் பார்த்து, அவரை எளிய வேலைக்கு மாற்றி, அவர் இடத்தில் இன்னொருவரை உட்காரவைத்தார்கள். இப்படிக் கவனமாக இருந்தவர்களின் வரிசைகளில் இழப்பு குறைவாக இருந்தது. சூப்பர்வைசருக்குத் தூசியின் அளவு தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. இன்று இவருக்கு முடியவில்லை என்று புரிந்தால் போதும். திட்டுகிற சூப்பர்வைசரும் அதே பண்டல் குவியலைத்தான் பார்க்கிறார். அவர் கண்ணுக்குச் சோம்பேறித்தனம் தெரிகிறது.

பார்ப்பதற்குக் கண் மட்டும் போதாது, மற்றவர்கள் சொல்லவும் வேண்டும். ஹார்வர்டில் ஆய்வு மாணவியாக இருந்த ஏமி எட்மண்ட்சன் 1990-களில் இரண்டு மருத்துவமனைகளின் எட்டுப் பிரிவுகளில் மருந்து கொடுப்பதில் நடக்கும் தவறுகளை ஒப்பிட்டார். நல்ல குழுக்களில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். தலைகீழாக வந்தது. நல்ல தலைமை நர்ஸ் உள்ள பிரிவுகளில்தான் பதிவான தவறுகள் அதிகம். நேரில் போய் விசாரித்தபோது புரிந்தது: அங்கே தவறுகள் மறைக்கப்படவில்லை. மற்ற பிரிவுகளில் நடந்ததை யாரும் வாய்திறந்து சொல்லவில்லை. தவறே நடக்காத பிரிவு என்று ஒரு மேலாளர் பெருமைப்படும்போது, எனக்கு அந்தப் பிரிவில் படுத்திருக்கும் நோயாளிகளை நினைத்துத்தான் கவலை வருகிறது.

இவை எல்லாம் ஒரே இடத்தில் கூடிய கதை ஒன்று உண்டு. கலிபோர்னியாவில் ஃப்ரீமாண்ட் என்ற ஊரில் ஜெனரல் மோட்டார்ஸின் கார் தொழிற்சாலை. எந்த நாளிலும் ஐந்தில் ஒருவர் வேலைக்கு வரமாட்டார். சண்டை, குடி, வேண்டுமென்றே செய்யும் பழுது. நிர்வாகம் 1982-ல் இழுத்து மூடிவிட்டது. 1984-ல் டொயோட்டாவோடு கூட்டு சேர்ந்து நூமி என்ற பெயரில் மீண்டும் திறந்தார்கள். அதே கட்டடம், அதே தொழிற்சங்கம். ஆட்களில் பெரும்பாலோர் பழைய ஆட்களே. புதியது வேலை வாங்கும் முறை. ஐந்தாறு பேருக்கு ஒரு குழுத் தலைவர். கன்வேயருக்கு மேலே நெடுக ஒரு கயிறு தொங்கும். தன் இடத்தில் ஏதாவது சரியில்லை என்றால் எந்தத் தொழிலாளியும் அதை இழுக்கலாம். விளக்கு எரியும், இசை ஒலிக்கும், குழுத் தலைவர் ஓடி வருவார். கார் அந்த இடத்தைத் தாண்டுவதற்குள் இருவரும் சேர்ந்து சரிசெய்துவிட்டால் ஓட்டம் தடைபடாது. முடியாவிட்டால் வரிசை நிற்கும். பழைய ஆலையில் வரிசையை நிறுத்துவது பாவம். பழுதோடு கார் கடைசிவரை போகும், அங்கே பிரித்துச் சரிசெய்வார்கள். புதிய ஆலையில் கயிறு இழுக்கப்படும்போது குழுத் தலைவர் கேட்க வேண்டியது "என்ன ஆச்சு" என்பதுதான். "யார் நிறுத்தினது" என்பது அல்ல. வேலைக்கு வராதவர்களின் அளவு சில சதவீதமாகச் சுருங்கியது. அந்த ஆலையின் கார்கள் தரத்துக்காகப் பேசப்பட்டன.

ஃப்ரீமாண்ட் குழுத் தலைவர்களை டொயோட்டா ஜப்பானுக்கு வரவழைத்துப் பயிற்சி கொடுத்தது. அந்தப் பயிற்சியைத் தயாரிக்கும் வேலையில் இருந்த ஜான் ஷூக் என்ற அமெரிக்கருக்குக் கிடைத்த மூலக் கையேடு, போர்க்காலத்து டி.டபிள்யூ.ஐ. கையேடு. போருக்குப் பின் அமெரிக்க ஆதிக்கத்தின்போது ஜப்பானுக்குப் போன அந்தப் பாடத்தை டொயோட்டா 1950-களின் தொடக்கத்தில் எடுத்துக்கொண்டு விடாமல் நடத்திவந்தது. கண்டுபிடித்த நாடு போர் முடிந்ததும் அதைப் பரணில் போட்டுவிட்டது.

ஆனால் பயிற்சி மட்டும் போதுமா என்பதற்கு ஃப்ளீஷ்மனின் இன்னொரு ஆய்வு பதில் சொல்கிறது. ஹார்வெஸ்டர் நிறுவனம் தன் ஃபோர்மேன்களை சிகாகோவில் இருந்த தன் பயிற்சிப் பள்ளிக்கு இரண்டு வாரம் அனுப்பிவைத்தது. முடிந்த கையோடு கேட்டால் ஆட்களை மதிப்பது பற்றி எல்லாரும் நன்றாகவே பேசினார்கள். தொழிற்சாலைக்குத் திரும்பியதும் பயிற்சி பெற்றவருக்கும் பெறாதவருக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஒரு ஃபோர்மேன் எப்படி நடந்துகொள்கிறார் என்பதைத் தீர்மானித்தது அவர் உட்கார்ந்த வகுப்பறை அல்ல, அவருக்கு மேலே இருந்த அதிகாரி. அந்த அதிகாரி விரட்டுபவராக இருந்தால் ஃபோர்மேனும் விரட்டினார். மேலாண்மை ஆய்வாளர் ஃப்ரிட்ஸ் ரோத்லிஸ்பெர்கர் 1945-லேயே இதை எழுதியிருக்கிறார்: மேலிருந்து வரும் ஒவ்வொரு அழுத்தமும் ஃபோர்மேன் என்ற ஒரு மனிதரிடம் வந்து முட்டுகிறது, கீழிருந்து வரும் ஒவ்வொரு கோபமும் அவரிடமே வந்து முட்டுகிறது. கீழே உள்ளவர்களுக்கு அவர் நிர்வாகத்தின் ஆள். நிர்வாகத்துக்கு அவர் கணக்குக் கேட்கப்பட வேண்டிய ஆள்.

ஆகவே இந்தக் கட்டுரையை சூப்பர்வைசர்களைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை. நேற்றுவரை மிஷினில் உட்கார்ந்திருந்த பெண்ணை இன்று காலை கூப்பிட்டு, கழுத்தில் ஒரு அடையாள அட்டையை மாட்டி, நாற்பது பேரைப் பார்த்துக்கொள் என்று அனுப்புகிறோம். யாரும் அவருக்கு எதையும் சொல்லிக்கொடுப்பதில்லை. மதியம் டார்கெட் எங்கே என்று அவரிடம் கத்துகிறோம். அவருக்குத் தெரிந்த ஒரே வழி தன்னிடம் பழைய சூப்பர்வைசர் பேசியபடி பேசுவதுதான்.

பட்டறையோ ஆலையோ பள்ளியோ மருத்துவமனையோ, ஆட்களுக்கு மேல் ஆளை நியமிக்கும் இடத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை யாரை உயர்த்தலாம் என்று யோசிக்கும்போது உற்பத்திப் பட்டியலை மட்டும் பார்க்காதீர்கள். பக்கத்து மிஷின்காரர்கள் சந்தேகம் வந்தால் எழுந்து யாரிடம் போகிறார்கள் என்று ஒரு வாரம் கவனியுங்கள். அவரைப் பதவியில் அமர்த்துவதற்கு முன், போர்க்காலத்திலேயே ஒதுக்க முடிந்த அந்தப் பத்து மணி நேரத்தை ஒதுக்கி, கற்றுக்கொடுக்கக் கற்றுக்கொடுங்கள். அவர் வரிசையை நிறுத்திவிட்டு உங்களிடம் வரும் முதல் நாளில், முதலில் என்ன ஆச்சு என்று கேளுங்கள்.